கொண்டை சிவக்கும் வரை

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களின் வரவு செலவெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். குஞ்சு சேவலா, பெட்டையா? பெட்டை என்றால் வெடையாக வளர்ந்து முட்டையிடும், அடை படுக்கும், அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறும். சேவல் என்றால் தீனி போட்டுத் தேற்றி, எடை வந்ததும் விற்றுவிட வேண்டியதுதான். பொரித்த குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். எந்தப் பாதி என்று தெரிவதற்குள் நாள் போய்விடும், குருணை மூட்டையும் காலியாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்தே சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்குப் போனேன். அறுபது வயதைத் தொட்ட அந்த அம்மா வளர்ப்பது சிறுவிடைக் கோழிகள். விடிந்ததும் கொடாப்பைத் தூக்கினார். தாய்க்கோழி முன்னே ஓட, ஐந்து வாரக் குஞ்சுகள் பின்னே சிதறின. பிடித்துக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"புடிச்சுப் பாத்தா எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்கும் கண்ணு. நிக்கறதப் பாக்கோணும், நடக்கறதப் பாக்கோணும்" என்றார்.

ஒரு கை கம்பை வீசிவிட்டு விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். அந்தச் செவலைக்குஞ்சு சேவல். காலைப் பாருங்க, கட்டையா இருக்குது. அதுக்குப் பக்கத்துல கருப்பு, அது பொட்டை, வால் முளைச்சிருச்சு. முதுகுல இறகு அடையாம சொட்டையா இருக்கறது சேவல். ஒரு குஞ்சின் மேல் மட்டும் விரல் நின்றது. "இது இன்னும் சொல்லலீங்க. ரெண்டு வாரம் போகட்டும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம். தெரிந்ததைச் சொல்கிற துணிவைவிட, இன்னும் ஆகவில்லை என்று நிறுத்திக்கொள்கிற பொறுமை இந்தத் தொழிலில் அரிது.

அவர் அதிகம் நம்புவது கொண்டையை. ஒற்றைக் கொண்டைக் கோழிகளில் ஐந்தாறு வாரத்தில் சேவல்குஞ்சின் கொண்டை சிவப்பேறித் தடிக்கத் தொடங்கும். பெட்டையின் கொண்டை வெளிறிய மஞ்சளாகச் சிறுத்தே நிற்கும். இதன் காரணத்தை 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் கண்டார். இளம் சேவல்களின் விதைகளை அகற்றியபோது கொண்டை வளரவில்லை, கூவலும் இல்லை, சண்டையும் இல்லை. விதையை வயிற்றுக்குள் திரும்ப வைத்தபோது எல்லாம் வந்தன. ஹார்மோன் என்ற பெயரே பிறக்காத காலத்தில் நடந்த ஹார்மோன் சோதனை அது. ஆண் ஹார்மோன் ஊறத் தொடங்கியதைத்தான் சாளைத் திண்ணையிலிருந்து அந்த அம்மா படிக்கிறார்.

ஆனால் எல்லாக் கோழிக்கும் இது செல்லாது. அசில் சாயல் கொண்ட பெருவிடைக்குச் சேவலிலேயே கொண்டை சிறிது. அங்கே காலின் தடிமனையும் நிற்கிற நிமிர்வையும்தான் பார்க்க வேண்டும் என்றார். பெரும்பாலான இனங்களில் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும். சேவலின் பிடரியிலும் இடுப்பிலும் முளைக்கும் புது இறகு நீண்டு, ஒடுங்கி, நுனி கூராகி மினுமினுக்கும். பெட்டைக்கு அதே இடத்து இறகின் நுனி உருண்டிருக்கும்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த மருமகள் முறைப் பெண் வேறு வழி சொன்னார்: கூர்முனை முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை; அடை வைக்கும்போதே பொறுக்கிக்கொள்ளலாம். அரிஸ்டாட்டிலும் முட்டை வடிவத்தை நம்பியவர்தான். ஆனால் அவர் நீண்டு கூரான முட்டையில்தான் பெட்டை என்று எழுதினார். இரண்டுமே நடப்பதில்லை. கோழி இனத்தில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. கருமுட்டை எதைச் சுமக்கிறது என்பது முடிவான பிறகுதான் அதைச் சுற்றி வெள்ளைக்கரு சேர்ந்து ஓடு உருவாகிறது. ஓட்டின் வடிவத்துக்கு உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிய வழியில்லை. காலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பது, முட்டைமேல் ஊசியை ஆடவிடுவது எல்லாமும் இப்படித்தான். எதைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும் என்பதால் இந்த நம்பிக்கைகள் சாகாமல் இருக்கின்றன.

பொரித்த அன்றே உறுதியாகச் சொல்ல முடியாதா? முடியும். அதைப் பார்க்க நாமக்கல் புறத்தில் உள்ள ஒரு முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போனேன். கேரளத்துச் செங்கன்னூர் அரசு மத்தியப் பொரிப்பகத்தில் இதற்கென்றே நடக்கும் பயிற்சியில் தேறிய ஒரு சேச்சி, பளிச்சென்ற விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தார். இடக்கையில் குஞ்சு, கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எச்சத்தை டப்பாவில் தள்ளுகிறார், கழிவாயை லேசாகப் பிதுக்கி விரிக்கிறார், உள்ளே ஊசித்தலை அளவு ஒரு புடைப்பு இருந்தால் சேவல். சில பெட்டைகளுக்கும் புடைப்பு இருக்கும். அதன் திரட்சியிலும் பளபளப்பிலும் உள்ள நூலிழை வித்தியாசத்தைப் பிரிப்பதுதான் திறமை. அழுத்தம் கூடினால் குஞ்சு செத்துப்போகும்.

"யோசிச்சா தப்பாகும் சாரே. காணும்போதே கை போகணும்" என்றார். பேசும்போதும் கை நிற்கவில்லை. குஞ்சுக் கணக்கில் கூலி. தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிக்கிறார்கள். நூறில் இரண்டு மூன்றுக்கு மேல் பிழை வராது. மாலையில் கண்ணெரிச்சலும் கழுத்துவலியும் மிச்சம்.

இந்த வித்தை ஜப்பானில் பிறந்தது. மசுயி கியோஷியும் அவருடைய சகாக்களும் 1920களில் கண்டறிந்து, 1927இல் ஒட்டாவாவில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் வெளியிட்டார்கள். பின்னர் இறக்கையைப் பார்த்தே பிரிக்கும் முறையும் வந்தது. இறகு சீக்கிரம் முளைக்கும் சேவலை, மெதுவாக முளைக்கும் பெட்டையோடு சேர்த்தால், பெண் குஞ்சுக்குச் சிறகின் பெரிய இறகுகள் மேலிறகுகளைவிட நீண்டிருக்கும், ஆண் குஞ்சுக்கு அப்படி இருக்காது. அப்படித் திட்டமிட்டுச் சேர்த்த இனங்களுக்கே இது பொருந்தும். புறக்கடைக் கலப்புக் கோழிக்குச் சிறகை விரித்துப் பார்ப்பது வீண்.

சேச்சியின் வலப்பக்கம் பெட்டைப் பெட்டி, தடுப்பூசிக்குப் போகிறது. இடப்பக்கம் சேவல் பெட்டி. முட்டையினத்துச் சேவல் முட்டையும் இடாது, கறிக்கோழி போலச் சீக்கிரம் எடையும் போடாது. அதனால் உலகின் பெரும்பாலான இடங்களில் இந்தத் தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொல்கிறார்கள். நம் ஊர்த் தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி, பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றித் தருகிற கலர்க் குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படிக் கழிக்கப்பட்ட சேவல்கள். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இந்தக் கொலையைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. முட்டைக்குள் இருக்கும்போதே பாலறியும் கருவிகள் அங்கே பயன்பாட்டில் உள்ளன. இங்கும் அந்தச் சட்டம் வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

அந்தச் சாளையில் யாரும் முதல் நாளே தெரிந்துகொள்ளத் துடிப்பதில்லை. சேவலுக்கும் அங்கே விலை உண்டு. கறிக்கு ஆள் உண்டு, ஆடியில் கருப்பனாருக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்தவர்கள் தேடி வருவார்கள். சேவல் நஷ்டமில்லை என்பதால்தான் அந்த அம்மாவால் ரெண்டு வாரம் போகட்டும் என்று சொல்ல முடிகிறது. பிறந்த அன்றே பிரித்தறியும் திறமையை வியக்கிறேன். ஆனால் அந்த அவசரத்தை உண்டாக்கியது, ஒரு பாதி உயிருக்கு விலையே இல்லாமல் செய்த தொழில்முறை.

வீட்டுக்குக் கோழி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதம் நிறையாத நாட்டுக்குஞ்சைக் காட்டி அத்தனையும் பெட்டை என்று யார் சொன்னாலும் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பெட்டைதான் வேண்டுமென்றால் பிடரி இறகு தெளிந்த மூன்று மாத வெடையாக வாங்குங்கள். பருந்துக்கும் கீரிக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் தப்பவைத்து அதை அதுவரை வளர்த்தவர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.