பின்னமும் நாங்களும்

காலாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் கைக்கு வந்த அன்று எங்கள் பத்தாம் வகுப்பில் மூச்சுச் சத்தமும் இல்லை. பதினொரு பேர் 35ஐத் தொடவில்லை. அந்தப் பதினொருவர்தாம் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்களில் ஒருத்தியின் தந்தை, "படித்தது போதும், இனி தறி வேலைக்கு உதவியாக இரு" என்று சொல்லிவிட்டார். செய்தி அறிந்த கணக்கு சிஸ்டர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவள் வீட்டுக்கே சென்று, அரையாண்டுத் தேர்வு வரை பொறுக்கும்படி கேட்டு வந்தார். மறுநாள் முதல் எங்களுக்கு மாலை வகுப்பு தொடங்கியது.

இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்த எங்களுக்குத் தெரியும். அதில் பின்னம் வந்துவிட்டால்தான் கை நடுங்கும். சிஸ்டர், லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லையே கணக்காக்கினார்.

நாமக்கல்லிலிருந்து சேலம் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு சேலம் சென்ற லாரி, காலியாகத் திரும்புகையில் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வந்ததால் கால் மணி நேரம் மிச்சமாயிற்று. போகும்போது அதன் வேகம் என்ன? அதை 'வ' என்று கொண்டால்,

50/வ − 50/(வ + 10) = 1/4

பகுதிகளின் மீ.சி.ம. 4வ(வ + 10). இதனால் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும். நாங்களோ இடப்பக்கத்தைப் பெருக்கிவிட்டு, வலப்பக்கத்து 1/4ஐ அப்படியே விட்டிருந்தோம். "பந்தியில் ஒரு வரிசைக்குச் சோறு போட்டுவிட்டு, எதிர் வரிசையைப் பட்டினி போடலாமா, பிள்ளைகளே?" என்றார் சிஸ்டர். அந்தக் கேள்விக்குப் பின் நாங்கள் அத்தவறைச் செய்யவில்லை.

200(வ + 10) − 200வ = வ(வ + 10)
வ² + 10வ − 2000 = 0
(வ − 40)(வ + 50) = 0

வ = 40 அல்லது −50. இரண்டுமே எந்தப் பகுதியையும் பூச்சியமாக்கவில்லை. ஆகவே சமன்பாட்டுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் லாரிக்கு? எங்களுள் ஒரு லாரி ஓட்டுநரின் மகள் எழுந்து, "எங்கப்பா சேலத்துக்கு ரிவர்ஸில் போனதே இல்லை, சிஸ்டர்" என்றாள். காலாண்டுக்குப் பிறகு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். விடை 40. போக ஒன்றேகால் மணி, வர ஒரு மணி. வித்தியாசம் கால் மணி. சரி!

"அதற்காக இரண்டாவது விடையை எப்போதும் தள்ளிவிடாதீர்கள்" என்று சிஸ்டர் எச்சரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் இயற்றிய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டம் வருகிறது. கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் சோலையில் விளையாட, மீதி 12 குரங்குகள் குன்றின்மேல் இருந்தன. மொத்தம் 'க' என்றால்,

(க/8)² + 12 = க

64ஆல் எல்லாவற்றையும் பெருக்க, க² − 64க + 768 = 0. விடை 48 அல்லது 16. நாற்பத்தெட்டில் எட்டில் ஒரு பங்கு 6. அதன் வர்க்கம் 36. பன்னிரண்டைக் கூட்ட 48. பதினாறில் அது 2, வர்க்கம் 4, பன்னிரண்டைக் கூட்ட 16. இரண்டும் சரியே! விடையைக் கொள்வதும் தள்ளுவதும் சோதித்துப் பார்த்த பிறகே என்பதை அன்று கற்றோம்.

நாமக்கல் நாமகிரித் தாயாரைத் தம் குலதெய்வமாகப் போற்றிய கணித மேதை ராமானுஜன் 1887இல் பிறந்தது, நமக்கு அருகிலுள்ள ஈரோட்டில்தான். கணிதம் நம் மண்ணுக்கு அந்நியமன்று என்று எண்ணும்போது எங்களுக்கும் தெம்பு வந்தது.

அரையாண்டில் பதினொருவரில் ஒன்பது பேர் தேறினோம். தறிக்குப் போகவிருந்த தோழி 61 மதிப்பெண் பெற்றாள். அவள் தந்தையே பள்ளிக்கு வந்து முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திட்டார். மற்ற இருவருக்காக மாலை வகுப்பு இன்னும் நடக்கிறது. நாங்கள் ஒன்பது பேரும் அவர்களோடு உட்காருகிறோம்.

அன்பார்ந்த பெற்றோர்களே, ஒரு தாளின் மதிப்பெண்ணைக் கண்டு மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்காக வீட்டுப்படி ஏறிய சிஸ்டருக்கு எங்கள் நன்றி. இறைவன் அவரை நிறைவாக ஆசீர்வதிப்பாராக!