கயிறு பிடிக்கிறவன்



பைக் என்றால் நம் மெக்கானிக்கல் பிரிவில் யாருக்குத்தான் பிடிக்காது? அரியர் பேப்பரை மறந்துவிட்டு இன்ஜினைப் பற்றி விடிய விடியப் பேசுவோம். ஆனால் ரேஸ் அன்று காலையில் ட்யூனிங் கெட்டுப்போவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, ஓட்டுகிறவன் மனசு. என் பெரியப்பா மகன் மோட்டோகிராஸ் ஓட்டுகிறான். இரண்டு வருஷமாக அவனுக்கு ஸ்பானர் தூக்கியதில் நான் கண்டது இதுதான்.

மோட்டோகிராஸ் தார் ரோட்டில் நடப்பதில்லை. மண்மேடு, பள்ளம், தாவல். சர்வதேசப் போட்டிகளில் 40 வண்டிகள் வரை கேட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் உறுமிக்கொண்டு நிற்கும். 15 விநாடிப் பலகை காட்டுவார்கள். அடுத்து 5 விநாடிப் பலகை. அதன்பின் 5 முதல் 10 விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட் விழும். அந்த 'எப்போது'தான் ஆளைக் கொல்லும். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது, நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பதறியவன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பான். அப்படிப் பிடித்தால் முன்கை கல் மாதிரி ஆகிவிடும். ஆர்ம் பம்ப் என்பார்கள். அப்புறம் விரல் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கீழ்ப்படியாது. மனசில் ஆரம்பித்த கோளாறு லீவரில் வந்து நிற்கிறது பாருங்கள்!

இது போதாதென்று, "நாலாம் நம்பரை விட்றாதலே", "போன வாட்டி மாதிரி விழுந்துராத" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் காதில் ஓதுவான். இதில் எதையாவது கையாலோ காலாலோ செய்ய முடியுமா? அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் பழைய ரைடர். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.) ரேஸ் அன்று ஜெயிப்பதைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். விடிந்ததும் டிராக்கை நடந்தே சுற்ற வைப்பார். மூன்று இடங்களைக் குறிக்கச் சொல்வார். எங்கே பிரேக், எந்த வளைவில் வெளிப்பக்க ஃபுட்பெக்கை அழுத்துவது, எந்த மேட்டில் த்ராட்டிலை மூடாமல் போவது. கேட்டுக்குப் போகுமுன் அந்த மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நீளமாக மூச்சு விட வேண்டும். கண்ணாடி மாட்டியபின் யாரும் பேசக் கூடாது, நான் உட்பட.

திரேஸ்புரத்துக்காரனான எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. எங்கள் தாத்தா 1950களின் கடைசியில் முத்துக்குளிக்கப் போனவர். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அப்படிப் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு மேலே தோணியில் ஓர் ஆள் கயிறு பிடித்திருப்பான். ஆங்கிலேயர் காலத்தில் 'கடல்கட்டி' என்றும் ஒருவர் உண்டு. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவராம். அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை வேலைக்கு வைத்தது. சென்னை மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுறாவின் வாய் கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிக்கிறவன் மனசு கட்டுப்பட்டது. "சுறாவ நெனச்சிக்கிட்டு எறங்குனவனுக்கு மூச்சு பாதியிலயே தீந்துரும்னு ஒங்க தாத்தா சொல்லுவாரு" என்பார் பெரியப்பா.

அதற்காகப் பயமே பொய் என்று சொல்லிவிட முடியாது. 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ், 2021 ஜனவரியில் அதே ராலியில் சவூதியில் விழுந்து, மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைக்கப்பட்டார். அதே ராலியைத்தான் கேரளத்து ஹரித் நோவா 20-வதாக முடித்தார். 2024-ல் ராலி 2 பிரிவில் முதலிடமே பிடித்தார்.

போன வருஷம் ஒரு ரேஸ். முந்தின ராத்திரி அண்ணன் தூங்கவே இல்லை. என்ட்ரி கட்டியது பெரியம்மாவின் சீட்டுப் பணம். கேட்டுக்குப் போகுமுன் மாஸ்டர் வழக்கம்போல், "மூணு எடத்தையும் சொல்லு" என்றார். ஒன்று சொன்னான். இரண்டாவதற்கு விழித்தான். "இன்னைக்கு வேண்டாம். வண்டிய ஓரமா நிப்பாட்டு" என்றார். கெஞ்சிப் பார்த்தான், கத்தினான், ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தான். அவர் அசையவில்லை. எனக்கும் கோபம்தான். கட்டிய பணம் திரும்ப வராதே!

வீட்டில் பெரியப்பா திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கயிறு பிடிக்கிறவன் இழுத்தா மேல வந்துரணும்லே. தண்ணிக்குள்ள நின்னு காரணமா கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு வலை தைக்கப் போய்விட்டார். அண்ணன் ஒரு வாரம் மாஸ்டரோடு பேசவில்லை. எட்டாவது நாள் அவனே போன் போட்டான்.

அடுத்த ரேஸில் மூன்றையும் தடங்கல் இல்லாமல் சொன்னான். முடித்துவிட்டு வந்ததும் தண்ணீர் கேட்டான், இரண்டாவது இடத்தில் பெக்கை அழுத்தியது சரியாக வந்தது என்றான். எத்தனையாவது வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏழாவது என்று நான்தான் சொன்னேன்.