வச்சிரமும் வெயிலும்

மேற்கு ஜன்னலுக்கு எதிரே நிற்கும் என் புத்தக அலமாரியின் ஒட்டுப்பலகைக் கதவு, இவ்வாண்டுச் சித்திரை வெயிலில் ஒரு மூலையில் அப்பளம்போல் உப்பி எழுந்ததைக் கண்ட நாள்முதல், நான் பசையின் நினைவாகவே இருக்கிறேன்.

என் பால்யத்தில் வீட்டு வேலைக்கு வரும் ஆசாரி, மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சியெடுத்த வச்சிரம் என்னும் பசையைத் தகரக் குவளையிலிட்டு, அக்குவளையை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி, கொதித்துவிடாமல் பக்குவமாக உருக்குவார்; நாற்றம் கூடத்தை எட்டியதும் பாட்டி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "ஆசாரி, அந்தக் கண்றாவியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வை!" என்று கூவுவாள். அவரோ சாவதானமாக, "இது ததீசி முனிவரோட எலும்பும்மா, இந்திரனுக்கே ஆயுதமானது" என்பார். "இருக்கட்டும்; இந்திரன் என் அடுப்பங்கரைக்கு வரவேண்டாம்" என்பாள் பாட்டி. வஜ்ராயுதத்தின் பெயரைச் சுமந்த வஸ்து வெந்நீர்ச் சூட்டுக்கே இளகிவிடும் விநோதம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஒட்டுப்பலகையில் ஓர் அடுக்கின் ரேகை நெடுக்காக ஓடினால் அடுத்ததன் ரேகை குறுக்காக ஓடும். வெயிலில் ஈரம் வற்றும்போது ஒவ்வோர் அடுக்கும் தன் ரேகைக்குக் குறுக்கே சுருங்க முயல, பக்கத்து அடுக்கு இடங்கொடுக்க மறுக்க, இரு சம்பந்திகளுக்கு நடுவே அகப்பட்ட தரகனைப்போல் அத்தனை இழுபறியையும் தாங்குவது பசைதான்.

ஒட்டுப்பலகையும் பசையும் ஆகாயத்திலும் பறந்ததுண்டு. 1940 நவம்பரில் முதன்முறை பறந்த 'மஸ்கிட்டோ' என்னும் பிரிட்டிஷ் போர்விமானத்தின் உடல், தக்கைபோல் இலேசான பால்ஸா மரத்தின் இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையைப் போர்த்திச் செய்யப்பட்டது; தொடக்கத்தில் அதைப் பிணைத்தது பாலைத் திரித்தெடுத்த கேசீன் பசை. சுண்ணாம்போடு தயிரும் முட்டை வெண்கருவும் சேர்த்தரைத்துச் சுவர் பூசிய நம் கொத்தனார்கள் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்கள். 1944 இறுதியில் இந்தியாவிலும் பர்மா முனையிலும் சில மஸ்கிட்டோக்கள் இறக்கை பிளந்து விழுந்தபோது, பழி முதலில் இந்நாட்டு வெயிலின்மேலும் மழையின்மேலும் விழுந்தது. ஆராய்ந்தவர்களோ, இறக்கையின் மேல்தோல் உள்ளிருக்கும் உத்தரத்தோடு சேருமிடத்தில் பசை பற்றாத இடைவெளிகளைக் கண்டார்கள்.

இதைப் படித்தபின் கதவின் உப்பலை நகத்தால் சற்று நெம்பிப் பார்த்தேன். உள்ளே மூலையில் விரலகலத்துக்குப் பசையின் சுவடே இல்லை. ஒரு மாதமாக நான் வைது தீர்த்த சூரியபகவானிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாளை தச்சர் வந்து, டப்பாவிலிருந்து தயிர்போல் வெளுத்த பசையைத் தடவிவிட்டுப் போவார். அதில் நாற்றமும் இல்லை, ததீசியும் இல்லை. ஆனால் சூட்டுக்கு இளகும் ஜாதிதான் அதுவும். அலமாரியை ஜன்னலண்டையிலிருந்து நகர்த்துவதே உத்தமம்; அதற்குப் புத்தகங்களையெல்லாம் இறக்கவேண்டும் என்பதால், அடுத்த சித்திரை வரட்டும் என்றிருக்கிறேன்.