நீந்தாத நீர்வண்டு

நீரில் வாழும் உயிர் நீந்துமென்று எண்ணுகின்றோம். நம் மலையோடைகளிற் கல்லைப் பற்றி வாழும் எல்மிடே குடும்பத்துச் சிறுவண்டோ நீந்துவதில்லை. சில மில்லிமீற்றரே நீளமுடைய அதற்கு நெடிய கால்களும் கூரிய நகங்களுமே துணை. மூச்சுக்காக அது மேலே வருவதுமில்லை. உடலின் நுண்மயிர்கள் காற்றுப் படலமொன்றைத் தாங்கி நிற்க, ஓடும் நீரிற் கரைந்த ஒட்சிசன் அதனுட் புகுந்தவண்ணம் இருக்கும். சவர்க்காரம் மிகுந்தால் அப்படலம் குலையும், வண்டும் மடியும்.

1970இல் ஆஸ்திரிய–இலங்கை நீருயிரியற் குழுவினர் இத்தீவின் மலையோடைகளை ஆராய்ந்தனர். அவர்கள் ஆராய்ந்த சிற்றுயிர்கள் நமக்கும் செய்தி சொல்வன.

மகாவலியின் தலைநீர்களுள் ஒன்றாகிய அட்டன் ஓயாவை நோக்கி இறங்கும் சிற்றோடையொன்றின் கரையில் என் மாணவர் சிலர் வாழும் லயங்கள் உள. மேல் ஓடையிற் கல்லைப் புரட்டி இவ்வண்டை அவர்களுக்குக் காட்டியிருக்கின்றேன். துணி துவைக்கும் பீலிக்குக் கீழே பலமுறை தேடியும் கண்டிலேன். கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிப்பதோ அந்நீரையே. துவைக்கும் தாய்மாரைக் குறை கூறேன். அவர்களுக்கு வேறிடமும் வடிகாலும் அமைத்துக் கொடுத்தாரில்லை.

நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் அதிகாரிகளும் பலர். இவ்விழாவின் நினைவாக ஒரு லயத்துக்கேனும் தூய குழாய்நீர் வருமாயின், அதனினும் சிறந்த மலர் வேறில்லை.