ஒன்றரை முஷ்டி உயரத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம்

எங்க ஊர் காரமடையில மாசித் தேர் முடிஞ்சு ரெண்டு வாரத்துல அமாவாசை வரும். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணி வாக்கில மொட்டை மாடியில தெற்கே பார்த்து நில்லுங்க. கையை முழுசா நீட்டி விரலை மடக்கினா, ஒரு முஷ்டி வானத்துல சுமார் 10 டிகிரி. அடிவானத்துலேர்ந்து ஒன்றரை முஷ்டி உயரத்துல ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம் இருக்கும்.

அட்டவணையில அதோட பேர் ஐசி 2602. பார்க்க நம்ம ஆறாமீன் (கார்த்திகை) மாதிரி இருக்கறதால தெற்குக் கார்த்திகைன்னும் சொல்றாங்க. ஒரே வாயு மேகத்துல ஒண்ணாப் பொறந்த நட்சத்திரங்கள், இன்னும் பிரிஞ்சு போகாம சேர்ந்து சுத்துது. தூரம் சுமார் 500 ஒளியாண்டு. வயசு சில கோடி வருஷம்தான்; டைனோசர் எல்லாம் அழிஞ்சதுக்கு அப்புறம் பொறந்த குழந்தை!

பாரிஸ்ல இருந்து பார்த்தா இது உதிக்கவே உதிக்காது. அதனால 1751-ல லக்காய்ன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் கப்பலேறி நன்னம்பிக்கை முனைக்கே போயிட்டார். அவர் கையில இருந்த தொலைநோக்கியோட வாய் அரை இஞ்ச். எட்டு மடங்குதான் பெருசாக் காட்டும். இன்னிக்குக் கடையில வாங்கற பைனாகுலரே அதைவிட மேல். அதை வெச்சு கிட்டத்தட்ட 10,000 நட்சத்திரங்களை அளந்தார். மங்கலாத் தெரிஞ்ச 42 பொருட்களைத் தனியாக் குறிச்சு வெச்சார். அதுல ஒண்ணு இது, 1752 மார்ச் மாசம் பதிவு பண்ணினது.

நமக்குக் கப்பல் வேண்டியதில்லை. 11 டிகிரி அட்சரேகையில இருக்கோம், வடக்கும் தெரியும், தெற்கும் பெரும்பாலும் தெரியும். வேணு பாப்பு ஜவ்வாது மலையில காவலூரைத் தேர்ந்தெடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். காரமடைக்கு ஒரே சிக்கல், நேர் தெற்கே கோயம்புத்தூர் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்து மேலதான் நான் பழியைப் போட்டேன்.

என்ற அப்பா விவசாயி. ஆறாமீன் எங்க நிக்குதுன்னு பார்த்துத்தான் ராத்திரி தண்ணி கட்டப் போவார். கண்ணாலயே ஆறு எண்ணுவார். மூணு வருஷம் முன்னாடி ஒரு மார்கழி ராத்திரி கேட்டேன், "எத்தனைப்பா தெரியுது?" "ஒரு புகையாட்டத்தான் தெரியுது சாமி." ஊர்ல விளக்கு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு நான் சொன்னேன். மார்ச்ல தெற்குக் கார்த்திகையைக் காட்டினேன். ஒண்ணுமே தெரியலைன்னார். கோயம்புத்தூரைத் திட்டிட்டு இறங்கி வந்துட்டேன்.

பக்கத்துல நின்ன எனக்கு ஆறும் தெரிஞ்சுது, கவனிங்க. அப்பாவுக்குப் பதினாலு வருஷமா சர்க்கரை. பேப்பர் நல்லாவே படிப்பார். ராத்திரி வண்டி ஓட்டறதை மட்டும் அவராவே நிறுத்தியிருந்தார், யாருகிட்டயும் சொல்லல. அதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் டாக்டர்!

இருட்டுல பார்க்கறது விழித்திரையோட ஓரத்துல இருக்கற தண்டு செல்கள் வேலை. நடுப் புள்ளியில அது கிடையாது. மங்கலான நட்சத்திரத்தை நேரா முறைச்சா மறையறதும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தா தெரியறதும் அதனாலதான். முழுசாப் பழக 20-30 நிமிஷம் இருட்டு வேணும், நடுவுல போனைப் பார்த்தா மறுபடி முதல்லேர்ந்து. சர்க்கரை அந்த விழித்திரையோட ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். பகல் பார்வை தெளிவா இருக்கறப்பவே கெடுக்கும்.

சொட்டு மருந்து போட்டுப் பார்த்ததுல ரெண்டு கண்ணுலயும் புது ரத்தக் குழாய் முளைச்சிருந்தது. லேசர் வெச்சாங்க. லேசர் நடுப் பார்வையைக் காப்பாத்தறதுக்கு ஓரத்தைத்தான் விலையாக் கேட்கும். இருட்டுப் பார்வை இன்னும் குறையலாம்னு முன்னாடியே அப்பாகிட்ட சொன்னேன். "பேப்பர் படிக்கலாமல்ல? அப்பப் போதும்"னார்.

சர்க்கரை இருக்கறவங்க வருஷம் ஒரு தடவை பாப்பாவை விரிச்சு விழித்திரையைப் பாருங்க. கண்ணாடிக் கடையில எழுத்துப் படிக்கற டெஸ்ட் இதுக்குப் பத்தாது.

போன மார்ச் அமாவாசைக்கு பைனாகுலரைக் குடுத்து அப்பாவைத் தெற்கே நிக்க வெச்சேன். கை நடுங்குதுன்னு கைப்பிடிச் சுவர்ல ஊணிக்கிட்டார். ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "மூணு இருக்குது. நாலாவது இருக்குதா, இல்ல என்ற கண்ணுதான் அப்படிச் சொல்லுதா?"

இருக்குதுப்பான்னு சொன்னேன்.