தொங்கும் கொக்கி

பாலிகஞ்ச் சந்திப்பில் வண்டிகளைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு மாதிரி இரயில்மீது மோகம் பிறப்பதில் வியப்பில்லை. எம் இல்லத்திலும் அஃதுண்டு. அதில் எமக்கு வாய்த்த பணி, எஞ்சின் முனையில் தொய்ந்து தொங்கும் இணைப்புக் கொக்கியைச் சீர்செய்வதாகும்.

பெரிய இரயிலில் இதற்கு விதியுண்டு. இந்திய அகலப்பாதையில் இணைப்பின் நடுமட்டம் தண்டவாளத்துக்கு மேல் 1105 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. 1030க்குக் கீழே இறங்கவும் ஆகாது. இடைவெளி 75 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்காய்ச் சுருங்கிய மாதிரியிலோ அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! அதற்குமேல் தாழ்ந்தால் கொக்கிகள் வழுவிப் பெட்டிகள் பின்தங்கும். கொக்கியின் அடிக்கம்பி பாதை பிரியுமிடத்தில் இடறி எஞ்சினையே தடம்புரட்டும்.

பசையிட்டு ஒட்டிவிடுவாரும் உளர். எமக்கு அது உடன்பாடன்று. ஒட்டிய கொக்கி வளைவில் அசையாது. பெட்டியைப் பாதையினின்று தள்ளிவிடும். குற்றம் பெரும்பாலும் கொக்கியில் இல்லை, அதனைத் தாங்கும் சிறு கூட்டின் தளர்ச்சியில் உள்ளது. கூட்டின் மூடியைக் கழற்றி, கொக்கியின் அடியில் மெல்லிய தாள்வட்டம் ஒன்றை இட்டு மூடினால் நிமிர்ந்துவிடும். (ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழ்களின் உட்தாள் இதற்கு மிகப் பொருத்தம்.)

வீதியில் வங்க மொழியே பேசும் எம் இளைய மகன், இவ்வேலையின்போது தமிழில் வினவுகிறான். ‘தாள்வட்டம்’ அவன் தந்த சொல்தான். நேற்று எஞ்சினின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்து, “இன்னும் ஒன்று போடலாம், அப்பா” என்றான்.