ஒரு பக்கம் நிற்குமா?

விக்கிப்பீடியாவில் ஓர் இசைக்குழுவின் பக்கத்தை நீக்கலாம் என்று யாராவது முன்மொழிந்தால், பொதுவாக ஏழு நாள் விவாதம் நடக்கும். பல வருடங்களாக நான் அதிகம் உட்கார்ந்திருப்பது அங்கேதான். கருத்தைப் பதிவு செய்யும்வரை அந்தக் குழுவின் பாட்டைக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பிடித்துவிட்டால், துணுக்குச் செய்திகூடப் பெரிய சான்றாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

நாட்டளவிலான விற்பனைப் பட்டியலில் இடம், விற்பனைக்கான தங்க இசைத்தட்டு, பெரிய விருது என்று இசைக்கலைஞர்களுக்கான விக்கிப்பீடியா நெறியில் பல வாசல்கள் உண்டு. இண்டி ராக் குழுக்களுக்கு அவை பெரும்பாலும் திறப்பதில்லை. மிஞ்சுவது ஒரே கேள்வி: குழுவோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள், ஆசிரியர் குழு உள்ள இதழ்களில், இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? கச்சேரி அறிவிப்பு போதாது. பேட்டியில் பெரும்பகுதி குழு தன்னைப் பற்றித் தானே சொல்வது. ஒரே செய்திக்குறிப்பைப் பத்து இணையதளங்கள் வெளியிட்டிருந்தாலும், அது குழுவின் தரப்பே எழுதிக்கொடுத்த ஒரே செய்திதான்.

புதிதாக வரும் பயனர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஸ்லின்ட் என்ற ராக் குழு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்து இளைஞர்கள். முதல் ஆல்பம் ‘ட்வீஸ்’ 1989இல் வந்தது. 1991இல் ‘ஸ்பைடர்லேண்ட்’ கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. லண்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழில் ஸ்டீவ் அல்பினி அதற்குப் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார். ஆனால் ‘ட்வீஸ்’ஸை ஒலிப்பதிவு செய்தவரே அல்பினிதான். அன்றைக்கு விக்கிப்பீடியா இருந்து, இந்த ஒரு விமர்சனத்தை மட்டும் என் முன் வைத்திருந்தால், பக்கம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அவருடைய காது பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் வெளியாள் இல்லையே. பிறகு போஸ்ட்-ராக் என்ற இசைவகையைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்ப அந்த ஆல்பத்திடம் வந்தார்கள். அதைப் பற்றித் தனிப் புத்தகம் வந்தது, 2014இல் லான்ஸ் பாங்ஸின் ஆவணப்படமும் வந்தது. இன்று அந்தப் பக்கத்தை அசைக்க முடியாது.

ஒரு குழுவுக்குச் சான்று போதாதபோது ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று தயங்காமல் சொல்கிறேன். அந்தப் பையன்கள் மட்டமாக வாசிக்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. குழு தன்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்துக் கட்டிய பக்கத்தை வாசகர் எதைக் கொண்டு சரிபார்ப்பார்? அதே சமயம், இணையத் தேடலில் ஒன்றும் சிக்கவில்லை என்பதோடு நிறுத்துவதும் அநியாயம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இயங்கிய குழுக்களைப் பற்றிய எழுத்து நகர வார இதழ்களின் பழைய தாள்களில் கிடக்கிறது. ரசிகர்கள் நகலெடுத்து விநியோகித்த சிற்றேடுகள் சான்றாக நிற்காவிட்டாலும், எந்த மாதத்து எந்த இதழைப் புரட்டலாம் என்று அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அதனால் நீக்கலாம் என்று எழுதும்போதெல்லாம் எந்தெந்தத் தொகுப்புகளில், எந்த வருடங்களில் தேடினேன் என்பதையும் சேர்த்தே பதிகிறேன். நாளைக்கு வேறொருவர் அந்தக் குழுவுக்காக வந்தால், நான் புரட்டாத இதழிலிருந்து அவர் தொடங்கலாம்.